பள்ளிச் சீருடையும் உடைக் கட்டுப்பாடும்: தருமபுரியை முன்வைத்து ஒரு வரலாறு

முன்னுரை

பள்ளிச் சீருடை பற்றிய விவாதம் தமிழ்நாட்டில் அவ்வப்போது ஏதேனும் ஒரு வடிவில் எழுந்துகொண்டே இருக்கிறது. சீருடை பிள்ளைகளிடையே உள்ள ஏற்றத்தாழ்வை மறைக்கிறது என்பது ஒரு தரப்பினரின் வாதம். அது பிள்ளைகளின் விருப்பத்தையும் நம்பிக்கையையும் அடக்குகிறது என்பது மறுதரப்பினரின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வாதங்களுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த மண்ணில் நல்ல உடை யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது? பள்ளி அதை எப்போது, யாருக்குக் கொடுத்தது? இந்த வரலாற்றை அறிந்தால்தான் சீருடையைப் பற்றித் தெளிவான முடிவுக்கு வர முடியும்.

இக்கேள்வியை ஆராயத் தருமபுரி மாவட்டம் ஏற்ற இடமாகும். சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான தருமபுரி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக இருந்தது. மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது தருமபுரியில் அது 68.54 விழுக்காடு மட்டுமே. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களும், சித்தேரி போன்ற மலைகளில் வாழும் பழங்குடியினரும் நிறைந்த மாவட்டம் இது. இங்கே பள்ளிக்கூடம் தரும் ஒரு சட்டைக்கும் மதிப்பு உண்டு.

உடை மறுக்கப்பட்ட காலம்

தமிழ் மக்களின் வரலாற்றில் உடை வெறும் துணியாக இருந்ததில்லை. யார் என்ன உடுத்தலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை மூன்று கட்டங்களாக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பலரும் அறிந்ததே. அப்பகுதியின் கிறித்தவ மிஷன் பள்ளிகளில் படித்த பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிந்து வெளியே வந்ததும் அப்போராட்டத்தின் ஒரு பகுதி. பள்ளியும் உடையும் அப்போதே ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பொன், வெள்ளி நகைகளும், குடையும், செருப்பும் கூடாது. தடையை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதாகும். 1931ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

சட்டைக்கும் படிப்புக்கும் ஒரே பட்டியலில் தடை விதிக்கப்பட்டது தற்செயலானதன்று. இரண்டும் ஒருவரைத் தலைநிமிர்ந்து நடக்கச் செய்பவை.

சீருடை வந்த வழி

உலகில் பள்ளிச் சீருடையின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது இங்கிலாந்தின் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியாகும். 1552இல் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் என இலண்டனில் நிறுவப்பட்ட அப்பள்ளி, அவர்களுக்கு நீல நிற நீண்ட அங்கியைக் கொடுத்தது. இன்றும் அங்கே அந்த அங்கியே சீருடை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் அடையாளமாகச் சீருடை மாறியது அதற்குப் பின்னரே. தொடக்கத்தில் அது இல்லாதவர்க்குக் கொடுத்த உடை.

தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிச் சீருடை அவ்வாறே தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் (1954–1963) பொதுக் கல்வி இயக்குநராகப் பணியாற்றியவர் நெ. து. சுந்தரவடிவேலு. பகல் உணவு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஆகியவற்றோடு சீருடையையும் அவர் வலியுறுத்தினார். ஊர்மக்கள் பொருளும் பணமும் திரட்டித் தங்கள் பள்ளிக்குத் தேவையானவற்றைச் செய்துகொடுத்த காலம் அது. சாப்பாடு இல்லாததால் பள்ளிக்கு வராத பிள்ளையும் இருந்தது. உடுத்த நல்ல துணி இல்லாமல் கூச்சத்தால் வராத பிள்ளையும் இருந்தது. இரண்டு தடைகளும் ஒருசேர நீக்கப்பட வேண்டியிருந்தது.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 1985 முதல் சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு அரசே சீருடை வழங்கத் தொடங்கியது. 2012–13ஆம் கல்வியாண்டில் இது ஆண்டுக்கு 4 இணைகளாக உயர்த்தப்பட்டது. ஒரே இணையைத் துவைத்து, ஈரம் காயாமலே மறுநாள் உடுத்திவந்த பிள்ளைகளுக்கு இந்த எண்ணிக்கையின் அருமை தெரியும். கூட்டுறவுச் சங்கங்களின் நெசவாளர்கள் துணி நெய்ய, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தைத்துக் கொடுப்பதால், இத்திட்டம் பல ஏழைக் குடும்பங்களுக்கு வேலையும் தந்தது.

உடையின் வடிவமும் மாறியது. அரைக்கால் சட்டை அணிந்த உயர்வகுப்பு மாணவர்கள் முழுக்கால் சட்டைக்கு மாறினர். பாவாடை தாவணி அணிந்த மாணவியர் சல்வார் கமீசுக்கு மாறினர். அரசு தரும் மிதிவண்டியில் பல கிலோமீட்டர் தொலைவு வரும் கிராமத்துப் பெண்ணுக்கு இந்த மாற்றம் மிகவும் வசதியானது.

பள்ளி வாசலுக்கு வெளியே

சீருடை சமத்துவத்தைக் கொண்டுவந்துவிட்டதா? இதற்கான விடையைத் தருமபுரியின் அண்மைக்கால வரலாறு சொல்கிறது.

2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரிக்கு அருகில் உள்ள நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன அல்லது சூறையாடப்பட்டன. அதன் பின்னர் பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் மருத்துவர் ச. இராமதாசு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கறுப்புக் கண்ணாடி அணிந்து பிற சாதிப் பெண்களைக் கவர்கிறார்கள் என்னும் பொருளில் பேசியது தமிழ்நாடு முழுவதும் பெரும் விவாதமானது. தாக்குதலில் தமக்குப் பங்கில்லை என்று அக்கட்சி மறுத்தது. அந்தப் பேச்சைத் தலித் அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் கடுமையாகக் கண்டித்தன.

இராமநாதபுரத்துத் தடைகளுக்கும் இதற்கும் இடையே 82 ஆண்டுகள். முன்பு சட்டை கண்ணை உறுத்தியது. இப்போது ஜீன்ஸ் உறுத்தியது. பள்ளியில் ஒரே நிறச் சட்டை அணிந்து ஒரே பெஞ்சில் அமர்ந்த பிள்ளைகள், பள்ளியை விட்டு வெளியே வந்ததும் தாம் விரும்பிய உடையை உடுத்தும்போது, அது யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வி மீண்டும் எழுப்பப்படுகிறது. சீருடையால் பள்ளி நேரத்தில் வேறுபாட்டை மறைக்க முடிந்தது. ஊருக்குள் இருக்கும் வேறுபாட்டை அதனால் அழிக்க முடியவில்லை.

கையில் ஏறிய கயிறு

பள்ளிக்குள்ளும் சாதி வேறு வழியில் நுழைந்தது. சட்டை ஒன்றானபோது அடையாளம் மணிக்கட்டுக்கு ஏறியது. சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டும் வழக்கம் குறிப்பாகத் தென் மாவட்டப் பள்ளிகளில் பரவியது. இதைத் தடுக்குமாறு பள்ளிக் கல்வி இயக்குநர் 2019இல் சுற்றறிக்கை அனுப்பினார். அது இந்து சமய நம்பிக்கைக்கு எதிரானது என்று பாரதிய ஜனதா கட்சியின் எச். ராஜா எதிர்ப்புத் தெரிவித்தார். அன்றைய அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்றும் பழைய நிலையே தொடரும் என்றும் கூறினார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் அவருடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். இதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18 அன்று அவர் அளித்த அறிக்கை, மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற அடையாளங்களுடன் பள்ளிக்கு வருவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. இதற்கும் ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. சாதிக் கயிற்றை நீக்குவதில் உடன்பட்ட சிலர்கூட நெற்றிப் பொட்டைத் தொடுவதில் உடன்படவில்லை.

இங்கே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் டிங்கர் வழக்குத் தீர்ப்பு (1969) ஒப்பிடத்தக்கது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிவந்த மாணவர்களைப் பள்ளி தண்டித்தது தவறு என்று அந்நீதிமன்றம் கூறியது. பள்ளியின் செயல்பாட்டுக்கு இடையூறு செய்யாதவரை மாணவருக்குக் கருத்துரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். கறுப்புப் பட்டை ஒரு கருத்தைச் சொன்னது. சாதிக் கயிறோ உடன் படிக்கும் பிள்ளையிடம் அவனுடைய இடம் எது என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

அக்கரையில் நடந்தது

ஒகேனக்கல்லில் காவிரியின் அக்கரை கர்நாடகம். அம்மாநிலத்தின் உடுப்பியில் அரசு மகளிர் கல்லூரி ஒன்றில், ஹிஜாப் அணிந்த மாணவியர் வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படாதது 2022 தொடக்கத்தில் பெரும் பிரச்சினையானது. 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை குறித்த ஆணையை வெளியிட்டது. மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். நீதிபதி ஹேமந்த் குப்தா அரசின் ஆணையை ஏற்றார். நீதிபதி சுதான்சு தூலியா ஏற்கவில்லை. ஒரு பெண் பிள்ளை பள்ளி வாசலை அடைவதற்கே எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். வழக்கு கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் முடிவுக்காக விடப்பட்டது.

கேரளத்தில் விவாதம் வேறு திசையில் சென்றது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பள்ளியில் மாணவியருக்கும் கால்சட்டையும் சட்டையும் கொண்ட பொதுச் சீருடை கொண்டுவரப்பட்டது. மாணவியர் பலர் அதை வரவேற்றனர். சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. எந்த உடையையும் திணிக்கும் நோக்கம் தனக்கு இல்லை என்று மாநில அரசு பின்னர் விளக்கியது.

பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு

சீருடையால் சமத்துவம் வரும் என்போர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஒரு பள்ளிக்குள் அது வேறுபாட்டை மறைக்கிறது. ஆனால் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையில் அதுவே வேறுபாட்டைக் காட்டுகிறது. காலை நேரத்தில் ஒரு பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் போதும். கழுத்துப் பட்டை, இடைவார், காலணி, பள்ளியின் சின்னம் ஆகியவற்றுடன் நிற்பவர் தனியார் பள்ளி மாணவர் என்பதும், அரசு தந்த சீருடையில் நிற்பவர் அரசுப் பள்ளி மாணவர் என்பதும் உடனே தெரிந்துவிடும். சமச்சீர்க் கல்வி பாடநூலை ஒன்றாக்கியது. சட்டை இன்னும் வேறுவேறாகவே இருக்கிறது.

முடிவுரை

சீருடை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நம் சூழலுக்குப் போதுமானதாக இல்லை. தமிழ்நாட்டில் சீருடை, உடை மறுக்கப்பட்டவர்களுக்கு உடையைக் கொடுத்துப் பள்ளிக்குள் அழைத்தது. அதுவே அதன் சிறப்பு. கட்டணப் பாக்கிக்காகவோ, காலணி இல்லை என்பதற்காகவோ, தலைத்துணிக்காகவோ ஒரு பிள்ளை வாசலில் நிறுத்தப்படும்போது, அழைக்க வந்த உடை விலக்கும் உடையாகிவிடுகிறது. உடுத்தவும் படிக்கவும் ஒருசேரத் தடை விதித்த பழைய பட்டியலின் நிழல் அப்போது பள்ளி வாசலில் விழுகிறது.

ஆகவே எந்த உடை விதியையும் மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அந்த விதியால் வகுப்பறைக்குள் வந்த பிள்ளைகள் எத்தனை பேர், வெளியே நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உடன் படிப்பவரை அச்சுறுத்தும் சாதிக் கயிற்றை அகற்றும் விதி இந்த அளவுகோலில் தேறும். துணி வாங்க வழியில்லாத வீட்டுக்கு 4 இணைச் சீருடை தரும் திட்டமும் தேறும். யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு துணிக்காகப் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தும் விதி தேறாது. எழுத்தறிவில் கடைசி இடத்தில் இருந்து முன்னேற முயலும் ஒரு மாவட்டத்துக்கு, இந்தக் கணக்கைவிட முக்கியமான கணக்கு வேறு இருக்க முடியாது.