கந்தரோடையில் யவனர் குடியேறினரா?

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் நிலவிய காலத்தில், ஞாயிறு இதழொன்றுக்காகக் கந்தரோடை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ‘யாழ்ப்பாணத்தில் ஒரு யவனக் குடியேற்றம்’ என்பது தலைப்பு. உதவி ஆசிரியர் எவரும் இட்டதன்று, நானே இட்டது. இரண்டு வாரங்கழித்து, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பாட ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. தம் வீட்டு அலுமாரியிற் சீனப் பீங்கான்கள் உள்ளனவென்றும், ஆயினும் அங்கே சீனர் எவரும் குடியிருக்கவில்லையென்றும் எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

அந்த அஞ்சலட்டைக்கு நான் பதில் எழுதவில்லை. காலந்தாழ்ந்த பதிலாக இதனைக் கொள்ளலாம்.

கிரேக்கர் குடியேற்றம் என்று வரலாறு கூறுவது திட்டவட்டமானதொரு செயலை. கி.மு. 8ஆம் நூற்றாண்டிற் கொரிந்து நகரத்தார் சிசிலித் தீவிற் சிராகூசை நிறுவினர். கி.மு. 600 அளவிற் போக்கேயா நகரத்தார் மசாலியாவை நிறுவினர். இன்றைய மார்செய் அதுவே. அத்தகைய கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன் இருந்தான். நிலத்தைப் பங்கிட்டார்கள், தங்கள் தெய்வங்களுக்குக் கோயில் எடுத்தார்கள், இறந்தோரைத் தங்கள் வழக்கப்படி புதைத்தார்கள். ஆகவே அகழ்வோன் தேடவேண்டியவை காசுகள் மட்டுமல்ல. கல்லறைகளும் கோயில் அடித்தளங்களும் அவர்தம் எழுத்துமாம்.

கந்தரோடையில் அவை எவையும் கிடைக்கவில்லை. கிடைத்தவை எவை?

சுன்னாகத்தை அடுத்து, மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாற்றை அண்டிய கிராமம் அது. சிவில் சேவை அதிகாரியாயிருந்த போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் இங்கு ஆய்வு செய்து, றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். முத்திரை குத்திய பழைய இந்திய நாணயங்கள், இலட்சுமி உருவம் பொறித்த தகடுகள், மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்கள் ஆகியவற்றோடு ரோம நாணயங்களும் அவருக்குக் கிடைத்தன. விஜயன் வருகைக்கு முன்னரே இங்கு மக்கள் செழித்து வாழ்ந்தனர் என்ற கருத்து அவர் எழுத்திலிருந்தே வலுப்பெற்றது.

ரோம நாணயம் என்றதும் நாம் மயங்கிவிடுகிறோம். இலங்கையில் அகப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகள். தேய்ந்துபோன அக்காசுகள் இங்கே சில்லறையாகப் புழங்கியிருக்கின்றன. அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலிக் காசுகள் வார்த்ததும் உண்டு. சந்தையிற் கைமாறிய காசு, அதனை வைத்திருந்தவனின் ஊரைச் சொல்லாது.

1970ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தின் குழு கந்தரோடையிற் பரிசோதனைக் குழிகளை வெட்டியது. விமலா பெக்லி அதில் இடம்பெற்றவர். அடியிற் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள். அவற்றுக்கு மேலே, உட்புற அடியில் வளையம் வளையமாகக் கோலமிட்ட ரூலெட்டட் எனப்படும் மெல்லிய மட்பாண்டம். யவனர் வருமுன்பே ஊர் இருந்தது என்பதை மண்ணடுக்கே காட்டிற்று.

இந்த ரூலெட்டட் ஓட்டுக்கு ஒரு கதையுண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மோர்ட்டிமர் வீலர், இத்தாலிய அரட்டைன் பாண்டங்களையும் ஆம்போராச் சாடிகளையும் கண்டு அதனை ரோம வணிக நிலையம் என்றார். ரூலெட்டட் பாண்டமும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததென்றே கருதினார். பல்லாண்டுகள் நாமும் அதனை நம்பினோம். இதே பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்து, அவ்வூர் ரோம வணிகத்துக்கு முந்தியது, அப்பாண்டம் இந்தியாவில் வனையப்பட்டது என்று நிறுவினார். கந்தரோடையில் யவனச் சான்றென நான் பெருமையோடு எழுதிய ஓடு, வங்கக் கடலோரத்துக் குயவன் ஒருவனின் கைவேலையாயிருக்கலாம்.

கடல்வழித் தொடர்பு பொய்யன்று. 2017ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைக்குள் நடந்த அகழ்வில், டச்சுக்காரருக்கும் போர்த்துக்கேயருக்கும் கீழே அதே ரூலெட்டட் ஓடுகள் வெளிப்பட்டன. கப்பல்கள் வந்தன, சரக்கு இறங்கிற்று. குடியேற்றம் என்பது வேறு.

1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியை வெளிக்கொணர்ந்தனர். எலும்புக்கூட்டோடு கிடைத்த முத்திரையில், மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்தும் இருந்தன. ‘கோவேத’ என அதனை வாசித்தனர். இங்கு வாழ்ந்து இங்கேயே புதைக்கப்பட்டவர் யாரென்று கேட்டால், விடை தேடவேண்டிய இடம் அந்தக் குழிதான்.

கந்தரோடைச் சிறு தூபிகளைக் கொண்டு அதனைச் சிங்களவர் ஊரென்பாரும், தூபிகளைப் பேசாது மறைத்துத் தமிழர் ஊரென்பாரும் நான் செய்த பிழையையே செய்கின்றனர். தமிழர் ஒருகாலத்திற் பௌத்தராயிருந்தனர் என்பதற்கு மணிமேகலை நம் கையில் இருக்கிறது. வல்லிபுரப் பொற்சாசனம் நாகதீவத்தில் விகாரை எடுத்த செய்தியைச் சொல்கிறது. இரு தரப்பும் வசதியானதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தோட்டத்திலேயே விட்டுவிடுகின்றன.

தோட்டம் என்றதும் நினைவு வருகிறது. அக்கட்டுரைக்காகப் போனபோது, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் வளையக் கோலமிட்ட ஓட்டுத்துண்டொன்றைக் காட்டினார். “மழை பெய்ஞ்சா இது தானா மேல வரும் தம்பி. ஆற்ற சாமான் இது?”

“யவனற்ற, ஆச்சி” என்றேன்.

அவர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கட சட்டி மாதிரித்தான் கிடக்கு” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நான் குறிப்பேட்டில் என் பதிலை மட்டும் எழுதிக்கொண்டேன்.