ஊவாவின் தோட்டப் பாதைகளும் நடப்போரின் உரிமையும்

ஒரு வீதியில் எவர், எந்த வாகனத்துடன், எந்த வேளையில் நுழையலாம் என வரையறுத்து, நடப்போரையும் துவிச்சக்கர வண்டியில் செல்வோரையும் காக்கும் ஏற்பாட்டை வீதி நுழைவு முகாமைத்துவம் என்பர். நெதர்லாந்தில் குடியிருப்பு வீதிகளுக்குள் வாகனங்கள் நடையின் வேகத்துக்கு அடங்கிச் செல்ல வேண்டும் என்னும் விதி 1976இல் சட்ட வடிவம் பெற்றது. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களிலோ நுழைவுக் கட்டுப்பாடு அதற்கு நெடுங்காலம் முன்னரே வேரூன்றியிருந்தது. ஆனால் அது நடப்பவரின் உயிரைக் காக்க எழுந்ததன்று, தொழிலாளரை உள்ளேயும் பிறரை வெளியேயும் நிறுத்தி வைக்க எழுந்தது.

தோட்டங்களுக்கு முந்திய ஊவாவில் பாதை என்பது பெரும்பாலும் மனிதரும் பொதிமாடுகளும் செல்லும் ஒற்றையடித் தடமாகவே இருந்தது. உப்பும் கருவாடும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களின் முதுகில் மலையேறின. 1840களில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து வீதிகளை அமைத்த மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளை நகரில் இன்றும் உள்ளது. அவர் இறந்து மூன்றாண்டுகளில் வந்த 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்து என ஆண்களை நிர்ப்பந்தித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. வீதிக்காக உழைத்தவர் ஒருவர், வீதியால் பயனடைந்தவர் வேறொருவர் என்னும் நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வெட்டப்பட்ட வண்டிப் பாதைகள், சுமையேற்றிய மாட்டு வண்டி ஏறத்தக்க சரிவில் மலையைச் சுற்றிச் சுற்றிச் சென்றன. தோட்டத்தை நிர்வகித்த துரை குதிரையில் அப்பாதையில் செல்ல, கொழுந்துக் கூடையுடன் பெண்கள் மலைச்சரிவை நேராகப் பிளக்கும் குறுக்குப் பாதைகளிலேயே ஏறியிறங்கினர். குறுக்குப் பாதைக்குப் படியோ வடிகாலோ அமைக்க எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த ரயில் பாதை, செங்குத்தான இம்மலைகளில் சீரான சரிவுடைய அரிய தடமாக அமைந்தமையால், தெமோதரை, எல்ல பகுதிகளில் மக்கள் தண்டவாளத்தின் வழியே நடக்கப் பழகினர்; ஆபத்தான அப்பழக்கத்துக்குக் காரணம் மக்களின் அசட்டை அன்று, வேறு நல்ல நடைபாதை இல்லாமையே.

தோட்டம் தனியார் நிலமாதலால் அதன் வீதியும் தனியார் வீதியாகவே கொள்ளப்பட்டது. துரையின் இசைவின்றி உள்ளே வருபவர் மீது அத்துமீறல் குற்றம் சுமத்த முடிந்தது. தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக மாறுவேடம் பூண்டே தோட்டங்களுக்குள் செல்ல வேண்டியிருந்தது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழையும் உரிமையைத் தனிச் சட்டம் ஒன்று 1970இல்தான் வழங்கியது. சங்கத்தவர் ஒரு வீதியில் நடந்து செல்வதற்கே நாடாளுமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பது, அவ்வீதி யாருடையதாக இருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வீதி மட்டும் பொதுவீதி ஆகவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தமது நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாகக் கொள்ளப்பட்டதால், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து பாடசாலைக்குச் செல்லும் பாதைகள் பலவற்றைக் கம்பனியும் பேணவில்லை, சபையும் பேணவில்லை. அப்பாதையில் நடந்தவர்கள் அச்சபைகளுக்கே வாக்களித்து வந்தவர்கள் என்பதை எண்ணுகையில், இதனை வெறும் நிர்வாகக் குறை எனக் கடந்து செல்ல இயலாது. அத்தடை 2018இல் சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

தடை நீங்கியதும் எழும் கோரிக்கை பெரும்பாலும் கொங்கிரீட் இடுதல், அகலப்படுத்துதல் என்பதாகவே இருக்கிறது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வாகனம் வரும் வீதி இன்றியமையாததே. ஆனால் ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள குறுகிய மலைவீதியில், பாதசாரிக்கு ஒதுங்க இடம் விடாமல் தளத்தை மட்டும் செப்பனிட்டால், முச்சக்கர வண்டியும் லொறியும் விரைவாக வரும், நடப்பவர் ஓரத்துக்குத் தள்ளப்படுவார். பசறை, லுணுகலை, வெலிமடை, அப்புத்தளைப் பகுதிகளின் பிரதேச சபைகள் தோட்ட வீதிகளைப் பொறுப்பேற்கும்போது, லயங்களுக்கு நடுவே வேகத்தை மட்டுப்படுத்தவும், பாடசாலை கூடும் வேளையிலும் கலையும் வேளையிலும் கனரக வாகனங்களை நிறுத்தவும், குறுக்குப் பாதைகளுக்குப் படியும் கைபிடியும் வடிகாலும் அமைக்கவும் தமது முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே நிதி ஒதுக்க வேண்டும்.