கோட்டின்மேல் நடந்த குழந்தை



வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் பகலெல்லாம் ஒரே சந்தடி. மாலை மங்கிய பின்னரே எங்கள் தெரு அமைதியுறும். அவ்வேளையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், கால்வாயின் சிமெண்டுக் கரைமீது கைகளை விரித்து, அடிமேல் அடி வைத்து நடப்பான். அழைத்தால் திரும்பான், பேச்சும் மிகக் குறைவு. ஆட்டிசம் என்றனர் மருத்துவர். நேராக உட்காருவதில்லை, பாடத்தில் கவனமில்லை என்று கூறி ஒரு பள்ளியில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டனர். அவன் தாய் ஒருநாள் என்னிடம், "ஐயா, பெஞ்சில் உட்கார முடியாத பிள்ளை இந்தக் கரைமேல் மட்டும் விழாமல் எப்படி நடக்கிறான்?" என்று கேட்டார். அக்கேள்வியே என்னை இருநூறாண்டு வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

1800 ஆம் ஆண்டில், பிரான்சின் அவேரோன் பகுதியில், காட்டில் திரிந்த சிறுவன் ஒருவன் அகப்பட்டான். இட்டார் என்னும் இளமருத்துவர் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு ஐந்தாண்டுக் காலம் பாரிசில் கற்பித்தார். பேச்சு வரவில்லை. விக்டர் ஆட்டிசம் உடையவனாக இருந்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர் சிலர் கருதுவர். ஆயினும் லியோ கானர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து அந்நிலையை விளக்கியது 1943 இல்தான். மாஸ்கோவில் சுகரேவா என்னும் பெண் மருத்துவர் 1925 லேயே எழுதியதை உலகம் நெடுநாள் பொருட்படுத்தவில்லை.

இட்டாரின் வழிவந்த செகுவேன், அறிவைத் தட்டி எழுப்புமுன் உடலைப் பழக்க வேண்டும் என்று துணிந்தார். ஏணியும் ஊஞ்சலும் அவருடைய பாடக் கருவிகளாயின. அவருடைய நூலைத் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் பயின்றவர் இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகத் தொடங்கிய அவர் பணி, 1907 இல் உரோமை நகரின் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியாக மலர்ந்தது.

அவர் முறையில் எனக்கு மிக விருப்பமானது ஒரு விளையாட்டு. தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு. அதன்மேல் குதிகாலும் விரலும் தொட நடக்க வேண்டும். பழகியபின் கையில் நீர் நிறைந்த குவளை, நீர் சிந்தலாகாது. அதன்பின் ஒரு மணி, அது ஒலிக்கலாகாது! முதுகு நிமிர்கிறது, பார்வை நிலைக்கிறது. 'கவனி' என்று ஒருவரும் அதட்டுவதில்லை.

இவ்விளையாட்டு நம் நாட்டில் பரவிய கதையும் சுவையானது. 1939 இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டவர் எனக் கருதப்பட்டு நடமாட்டம் தடுக்கப்பட்டார். மகன் மாரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளில் மகனை விடுவித்தனர். கோடைக்கானலிலும் பயிற்சி நடத்தி, 1946 இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். போர் அவரை முடக்கியது; தமிழ்நாட்டுக்கோ ஆசிரியர் பலர் கிடைத்தனர்.

தாயின் கேள்விக்கு நெருங்கிய விடையை 1972 இல் அமெரிக்கரான ஜீன் ஏயர்சு எழுதிய நூலில் கண்டேன். உட்செவியின் சமநிலை உறுப்பும் தசை மூட்டுகளும் அனுப்பும் செய்திகளை மூளை ஒன்றிணைத்தால்தான் உடல் நிலைகொள்ளும் என்பது அவர் கொள்கை. கரைமேல் நடக்கையில் அச்செய்திகள் வலுவாக வருகின்றன. அசையாது உட்கார்ந்தாலோ மெலிகின்றன. நிமிர்ந்திருப்பதற்கே முயற்சியெல்லாம் செலவானால் பாடத்துக்கு எஞ்சுவது யாது? இக்கொள்கை பற்றி ஆய்வாளரிடையே இன்றும் வழக்குண்டு. விளையாட்டு ஆட்டிசத்தை நீக்கும் மருந்தன்று. அவ்வாறு கூறிப் பணம் பறிப்போரை நம்பலாகாது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உட்கொண்டது. பள்ளியில் இடம் பெறுவது அச்சிறுவனின் உரிமை. இதனை அத்தாயிடம் எடுத்துக் கூறினேன். மனு எழுதியுள்ளோம், விடை வரவில்லை.

சென்ற வாரம் தெருப் பிள்ளைகள் பாண்டி ஆடக் கட்டம் கீறினர். அவனையும் சேர்த்துக்கொண்டனர். அவன் கட்டங்களில் நொண்டவில்லை. கோடுகளின் மேலேயே நடந்தான். "இவனுக்கு ஆட்டம் இப்படித்தான்" என்று ஒரு சிறுமி தீர்ப்பளித்தாள். மற்றவர்கள் தத்தம் முறைக்குக் காத்து நின்றனர்.