முகமறியாதாரிடம் நம்பிக்கை: இணையச் சேவையும் தொலைநிலைக் குழுப்பணியும் பற்றி ஓர் ஆய்வு

ஒருவரையொருவர் கண்டிராத, இனிக் காணப்போவதும் இல்லாத இருவர், ஒருவர் பணத்தை முன்னதாக அனுப்ப மற்றவர் பொருளைப் பின்னால் அனுப்புவதென்று இசைந்து, அவ்விசைவு பெரும்பாலும் மீறப்படாமலே நிறைவேறுகிறதென்றால், அது வியாபார வரலாற்றில் வியப்புக்குரிய நிகழ்ச்சியே ஆகும். விற்பவனுக்குத் தெரிந்த குறை வாங்குபவனுக்குத் தெரியாதிருக்கும் சந்தையில் நல்ல சரக்கு படிப்படியாக விலகிப்போக, மட்டமான சரக்கே எஞ்சி நிற்கும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டில் பழைய மோட்டார் கார் விற்பனையை உதாரணமாக வைத்து வாதித்தார். பொருளைத் தொட்டுப் பார்க்கவும் விற்பவனின் முகத்தை நோக்கவும் வழியில்லாத இணையச் சந்தை அந்த வாதத்தின்படி தோன்றிய வேகத்திலேயே அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஏன் அழியவில்லை என்ற வினாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அங்கே மதிப்பெண் முறை ஏற்பட்டுவிட்டது என்பதாகும். அவ்விடை பாதி உண்மையே என்பதும், மற்றப் பாதியை மறந்ததனாலேயே இன்றைய சமூக ஊடகங்களும் அவற்றை ஒட்டி நடைபெறும் கூட்டுப்பணிகளும் பெரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாகியிருக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பிறர் சொல்லை எப்போது அறிவுக்கு ஆதாரமாகக் கொள்ளலாம் என்ற விசாரணை நம் நாட்டில் மிகப் பழையது. நியாய சூத்திரம் ஆப்தனுடைய உபதேசத்தைப் பிரமாணங்களுள் ஒன்றாக வைக்கிறது. அதற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், ஆப்தன் யார் என்று வரையறுக்கையில், பொருளை நேரே கண்டறிந்திருத்தல், கண்டதைக் கண்டவாறே பிறருக்கு அறிவிக்க விரும்புதல் என்னும் இரண்டையும் இன்றியமையாதனவாகக் கூறி, இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்றும் துணிந்து சொல்லுகிறார். குலத்தையும் பட்டத்தையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அறிவையும் விருப்பத்தையும் மட்டுமே உரைகல்லாக்கும் இந்தத் துணிவு, முகமறியாதாரோடு பழகவேண்டியிருக்கும் நம் காலத்துக்குப் பெரிதும் பொருந்துவது. மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவரும் 1995-இல் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று வகுத்துக் காட்டிய நம்பிக்கையின் மூன்று கூறுகளும் நிர்வாகவியலில் இன்று எங்கும் எடுத்தாளப்படுகின்றன. எனினும், ஒரு சேவை எந்த இடத்தில் பழுதுபடுகிறது என்பதைக் கண்டுகொள்வதற்கு உரையாசிரியரின் இரட்டை நிபந்தனையே எளிதாகப் பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

மதிப்பெண் முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏலத் தளமே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. வாங்குவோரும் விற்போரும் தம் பிணக்குகளையெல்லாம் அவரிடமே கொண்டுவரவே, 1996 பிப்ரவரியில் அவர், ஒவ்வொரு பேரமும் முடிந்தபின் இருசாராரும் ஒருவரைப் பற்றி மற்றவர் நன்று, நடுத்தரம், தீது என்று பலரும் அறிய எழுதிவைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அதனால் விளைந்த பயனை மறுப்பதற்கில்லை: பால் ரெஸ்னிக்கும் அவருடைய துணைவர்களும் 2006-இல் வெளியிட்ட பரிசோதனையில், நற்பெயர் பெற்ற பழைய தபால் அட்டை வியாபாரி ஒருவர் ஒத்த தரமுள்ள அட்டைகளைத் தம் பெயரிலும், புதிதாகப் புனைந்த பெயர்களிலும் விற்பனைக்கு வைத்தபோது, பழம்பெயருக்கு வாங்குவோர் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் விலை தர முன்வந்தனர். ஆனால் அதே ரெஸ்னிக், ரிச்சர்டு ஸெக்ஹவுசருடன் சேர்ந்து அதற்கு முன்பே செய்திருந்த ஆராய்ச்சியில், வாங்குவோர் எழுதிய குறிப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புகழுரைகளாகவே இருக்கக் கண்டார். ஒருவர் தீது என்று எழுதினால் மற்றவரும் பழிக்குப் பழியாகத் தீது என்று எழுதுவார் என்ற அச்சம் அந்தப் புகழுரைகளுக்கு ஒரு காரணமாயிருந்தது. 2008-இல் விற்போர், வாங்கியவரைக் குறைகூறி மதிப்பிடும் உரிமையை அந்நிறுவனமே நீக்கிவிட நேர்ந்தது.

இங்கே முதல் நிபந்தனை நிறைவேறியிருக்கிறது. எழுதுபவர் பேரத்தை நேரே அநுபவித்தவர்தான். பழுதுபட்டது இரண்டாவது. கண்டதைக் கண்டவாறு சொல்லும் விருப்பத்தை அச்சம் வளைத்தது. சில சமயம் இரக்கமும் வளைக்கிறது. நம் ஊர்களில் மழையில் நனைந்தபடி உணவுப் பொட்டலத்தை நீட்டும் இளைஞன், “அஞ்சு ஸ்டார் போட்ருங்க சார்” என்று கேட்கும்போது, சாம்பார் வழியில் சிந்திப் போயிருந்தாலும் ஐந்தையே அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தும் குடும்பஸ்தரை நான் குறைகூற மாட்டேன். அந்த எண் அவனுடைய நாளைய வருமானத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவ்வாறு சேர்ந்த எண்ணைக் கண்டு ஒரு சேவையின் தரத்தை இன்னொருவர் அநுமானிக்கும்போது, அவர் உண்மையில் அளந்தறிவது நம்முடைய மனவிரக்கத்தையே.

வாங்கல் விற்றலிலேயே இவ்வளவு சிக்கல் இருக்குமானால், மாதக்கணக்கில் சேர்ந்து உழைக்கவேண்டிய தொலைநிலைக் குழுக்களில் அது பன்மடங்காகும் என்று எதிர்பார்க்கலாம். ஸிர்க்கா யார்வென்பாவும் டோரதி லைட்னரும் இத்துறையில் செய்த ஆராய்ச்சிகள் இன்றும் படிக்கத்தக்கவை. வெவ்வேறு நாடுகளில் வாழும் நால்வர் முதல் அறுவர் வரை கொண்ட 75 மாணவர் குழுக்கள் எட்டு வாரம் மின்னஞ்சல் வழியாகவே கூடிப் பணியாற்றியதை அவர்கள் நால் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டுக் கட்டுரையில், பழக்கத்தின் மூலம் மெல்ல விளைவதற்கு நேரமில்லாத இக்குழுக்களில் நம்பிக்கை தொடக்கத்திலேயே கடனாகக் கொடுக்கப்படுகிறது என்றும், அது எளிதில் முறிவது என்றும் அவர்கள் எழுதினர். தொடக்கத்தில் உற்சாக மொழிகளும் குடும்ப விசாரணைகளும் நம்பிக்கையை எழுப்பப் போதுமானவையாயிருந்தன. கடைசிவரை அதைக் காத்தவையோ, சொன்ன காலத்தில் பதில் வருதல், அப்பதிலில் சாரம் இருத்தல், சங்கடம் நேர்ந்தபோது பதறாமை ஆகியவை. சமூக ஊடகம் உற்சாக மொழிகளை மலிவாக்கிவிட்டது. சாரமுள்ள பதிலை மலிவாக்க அதனால் இயலவில்லை.

இக்கருத்தை நம் மொழியிலேயே நடந்துவரும் ஒரு கூட்டுப்பணியில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராகப் பணிபுரிந்த இ. மயூரநாதன் 2003-இல் தொடங்கி, தொடக்கக் காலத்தில் ஏறக்குறையத் தனியராகவே வளர்த்த தமிழ் விக்கிப்பீடியா, 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. இதனை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டவர்கள் அல்லர். இலங்கை, தமிழ்நாடு, கனடா, ஐரோப்பா என்று சிதறியிருப்பவர்கள். பலர் புனைபெயரில் எழுதுபவர்கள். அங்கே எவருக்கும் நட்சத்திர மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ‘வரலாறு’ என்றொரு சொல் இருக்கிறது; அதனை அழுத்தினால், அப்பக்கத்தில் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது முழுவதும் விரிகிறது. பிழையான திருத்தத்தை ஒரே சொடுக்கில் மீளமைக்கலாம். மாறுபட்ட அபிப்பிராயத்தைப் பேச்சுப் பக்கத்தில் எழுதலாம். பொது விவகாரமானால் ‘ஆலமரத்தடி’ என்ற பக்கத்தில் கூடிப் பேசலாம்.

அந்த ஆலமரத்தடியில் நடந்துள்ள வாதங்கள் சில மிக நீண்டவை, காரசாரமானவை. கிரந்த எழுத்துக்களை எந்த அளவுக்கு ஏற்பது, அயல்நாட்டு ஊர்ப்பெயர்களை ஈழத்து வழக்குப்படி எழுதுவதா தமிழ்நாட்டு வழக்குப்படி எழுதுவதா என்பன போன்றவற்றில் இரு கரையாரும் எளிதில் விட்டுக்கொடுத்தார் இல்லை. ஆயினும் குழு உடையவில்லை. ஒரு வடிவைத் தலைப்பாக்கி மற்றதை அதற்கே இட்டுச்செல்லும் வழிமாற்று என்ற சிறு உபாயம் பல பிணக்குகளைத் தணித்தது. அதனினும் மேலாக, எதிர்வாதம் செய்பவர் நேற்று இரவு உட்கார்ந்து திருத்திய பக்கங்களை இன்று காலையில் எவரும் காணலாம் என்பது, அவர்மேல் கோபம் கொண்டவருக்கும் ஒரு மதிப்பை உண்டாக்கியது. ஒருவருடைய குணத்தைப் பற்றிச் சாட்சியம் தேடவேண்டிய அவசியம் அங்கே பெரிதும் குறைந்துவிடுகிறது, ஏனெனில் அவருடைய வேலையே பிரத்தியட்சமாகக் கண்முன் இருக்கிறது.

இதன் மறுதலையையும் அதே குழு கண்டது. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளில் பெயர்த்துச் சேர்க்கலாயிற்று. அளவில் அவை பெரிய கட்டுரைகள். ஆனால் பக்கத்தை இட்டவர் திரும்பி வருவதில்லை. பேச்சுப் பக்கத்தில் கேட்ட வினாவுக்குப் பதில் கிடைப்பதில்லை. எந்தப் பொருளில் கட்டுரை தேவை என்பதை வாசகரிடம் எவரும் கேட்டறிவதும் இல்லை. நடையும் இயந்திரத்தனமாயிருந்தது. தமிழ் விக்கிப்பீடியர் அந்நிறுவனத்தோடு நேரடியாகப் பேசித் தம் குறைகளை எடுத்துரைத்து, 2010-இல் போலந்து நாட்டின் கடான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டிலும் அவ்வனுபவத்தை ஆய்வுரையாக வைத்தனர். யார்வென்பாவும் லைட்னரும் சொன்னதே இங்கும் நடந்திருக்கிறது: பணியின் அளவு எவ்வளவு பெரிதாயினும், சாரமுள்ள பதில் இல்லாத இடத்தில் கூட்டுறவு உண்டாவதில்லை.

சமூக ஊடகத்தின் தீங்கு முழுவதும் பொய்யர்களால் வருவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறென்றே கருதுகிறேன். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டம் அடித்துக் கொன்ற கொடுமையை நாம் மறத்தற்கில்லை. அந்த ஐயத்தை ஊரூராகக் கொண்டுசென்ற வாட்ஸ்அப் செய்திகளை அனுப்பியவர்களில் மிகப் பலர், தம் உறவினரின் குழந்தைகள் நலமாயிருக்க வேண்டுமென்ற கவலையாலேயே அனுப்பினர். சொல்லும் விருப்பம் அவர்களிடம் நிரம்ப இருந்தது. நேரே கண்டறிதல் என்ற முதல் நிபந்தனையோ எள்ளளவும் இல்லை. அத்தையும் மாமாவும் அனுப்பியதாலேயே செய்தி மெய்யாயிற்று. அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு கட்டியது. அது பரவும் வேகத்தைக் குறைக்கும். செய்தி முதலில் எங்கே பிறந்தது என்பதைக் காட்டாது. விக்கிப் பக்கத்துக்கு வரலாறு உண்டு, கைமாறி வந்த செய்திக்கு இல்லை என்னும் இவ்வேறுபாட்டையே நான் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுகிறேன்.

இவ்விடத்தில் ஒரு வலிய ஆட்சேபம் எழும். பதிவு முழுவதும் திறந்திருந்த ஒரு பணியிலேயே அண்மையில் பெரும் மோசடி நடந்ததே என்பது அது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது. அதனைப் பல்லாண்டு ஊதியமின்றிப் பராமரித்துவந்தவர் பின்லாந்து நாட்டினர் ஒருவர். 2021-இல் ஜியா டான் என்ற பெயருடன் ஒருவர் வந்து சிறுசிறு திருத்தங்களை அனுப்பலானார், அவை பயனுள்ளவையே. 2022-இல் வேறு சில பெயர்கள் தோன்றி, வேலை மந்தமாக நடக்கிறது, புதியவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள் என்று பராமரிப்பவரை நெருக்கின. அவர் தம் சோர்வை மறைக்காமல் எழுதினார். பிறகு பொறுப்பைப் பகிர்ந்தும் கொண்டார். 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழியைக் களவாகத் திறக்கும் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் வேறொரு பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, 0.3 விநாடியில் முடிய வேண்டிய நுழைவு 0.8 விநாடி எடுப்பதைக் கண்டு, அந்த அரை விநாடியைத் துருவிச்சென்று, மார்ச் 29-ஆம் தேதி உண்மையை உலகறியச் செய்தார். ஜியா டான் யார் என்பது இன்றும் நிறுவப்படவில்லை.

இந்நிகழ்ச்சியை நுணுகி நோக்கினால் ஆட்சேபமே என் வாதத்துக்குத் துணையாகிறது. அந்தப் பின்வாசலை இயங்கவைக்கும் முக்கியமான பகுதி, எல்லோரும் காணும் பதிவில் இல்லாமல், வெளியீட்டுக்கெனத் தனியே கட்டப்பட்ட பொதியில் மட்டும் இருந்தது. எஞ்சியது, மனிதர் படிக்க இயலாத சோதனைக் கோப்புகளுள் புதைந்திருந்தது. பதிவு எங்கே மூடியிருந்ததோ அங்கேதான் வஞ்சனை குடிபுகுந்தது. மேலும், பொறுப்பைக் கைமாற்றும்படி நெருக்கிய குரல்கள் பொதுமக்களின் குரல்போல ஒலித்தன. அப்பெயர்களுக்கு வேறெங்கும் செய்த வேலையின் சுவடு இல்லை என்பது பின்னரே கவனிக்கப்பட்டது. வேலையைக் கண்டு நம்பவேண்டிய இடத்தில் கூட்டத்தின் ஆரவாரம் நம்பப்பட்டது. அதற்காக, தன்னந்தனியாக அதுவரை அந்தச் சுமையைத் தாங்கிவந்த மனிதரைக் குற்றஞ்சாட்டுவது பெரும் அநியாயம். அவருடைய உழைப்பின் பலனை நாள்தோறும் அநுபவித்த மாபெரும் நிறுவனங்களில் எதுவும் அவருக்குத் தோள்கொடுக்கவில்லை.

திறந்த பதிவு என்பது பார்ப்பதற்கு இடந்தருவது மட்டுமே; பார்ப்பது ஓர் உழைப்பு, அதற்கு நேரமும் அறிவும் வேண்டும், அவற்றுக்கு ஒரு விலையும் உண்டு. ஜெர்மனி அரசு 2022-இல் இத்தகைய பொது மென்பொருள்களின் பராமரிப்புக்கென்றே ஒரு நிதியை ஏற்படுத்தியது இதனை உணர்ந்தே. தமிழில் நிலைமை வேறு. கட்டுரை எழுதுவோருக்குப் போட்டியும் பரிசும் அவ்வப்போது வாய்க்கின்றன. ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தை நாள்தோறும் திறந்து, அநாமதேயர் ஒருவர் மாற்றிவிட்டுப்போன பிறந்த ஆண்டு சரியா என்று அலமாரியில் இருக்கும் நூலை எடுத்துப் பார்க்கும் சிலருடைய கைங்கரியம் ஊதியமும் பெயரும் இன்றியே நடக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறையிலும் தாவரவியல் துறையிலும் பயிலும் ஆய்வு மாணவர், தத்தம் துறைக்குரிய கட்டுரைகளைச் சான்றோடு சரிபார்க்கும் பணியைத் தம் ஆய்வுப் பயிற்சியின் ஒரு பகுதியாகச் செய்து அதற்கு மதிப்பும் பெறுவாராயின், சான்றில்லாமல் நிற்கும் வாக்கியங்களில் எவை நிலைத்தன, எவை நீங்கின என்பது ஓர் ஆண்டுக்குள் அந்தப் பக்கங்களின் வரலாற்றிலேயே தெரிந்துவிடும்.