விறகு அடுப்பு

விறகு அடுப்பு என்பது மரக்கட்டை, சுள்ளி, தென்னை மட்டை போன்றவற்றை எரித்து, அதில் கிடைக்கும் வெப்பத்தைக் கொண்டு சமைக்கப் பயன்படும் அடுப்பு ஆகும். எரிவளி அடுப்பு பரவிய பின்னரும் தமிழகத்தின் ஊர்ப்புற வீடுகள், உணவகங்கள், திருமணச் சமையல், கோயில் மடைப்பள்ளிகள் ஆகியவற்றில் இது பயன்பாட்டில் உள்ளது. திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் நிவேதன உணவு மரபாக விறகடுப்பிலேயே சமைக்கப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியில் கிடைக்கும் விறகு வகைகளையும், விறகு அடுப்பை வீட்டில் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறைகளையும் விளக்குகிறது.

அடுப்பு வகைகள்

களிமண்ணால் மூன்று குமிழ்களுடன் செய்யப்படும் அடுப்பு மிகவும் பரவலானது. குமிழ்கள் பாத்திரத்தைத் தாங்குவதுடன், அதற்கும் அடுப்பின் விளிம்பிற்கும் இடையே தழலும் புகையும் வெளியேற வழிவிடுகின்றன. முதன்மை அடுப்பின் தழலைப் பக்கத்துத் துளைக்கும் செலுத்தும் அமைப்பு கொடி அடுப்பு எனப்படும். விருந்துச் சமையலுக்காகச் செங்கல்லால் நீளமாகக் கட்டப்படுவது கோட்டை அடுப்பு. அக்கிரகார வீடுகளில் முன்னர் வழக்கிலிருந்த குமுட்டி அடுப்பில் விறகுக்குப் பதிலாக மரக்கரி இடப்படும்.

எரியும் முறை

விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் மரத்திலிருந்து எரியக்கூடிய வளிமங்கள் வெளிப்படுகின்றன. தழலாகத் தெரிவது இவ்வளிமங்கள் எரிவதே ஆகும். இறுதியில் எஞ்சும் கரி, கங்காக எரிகிறது. வெப்பமோ காற்றோ போதாதபோது வளிமங்கள் முழுமையாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. எனவே மிகுந்த புகை, எரிபொருள் வீணாவதன் அறிகுறியாகும்.

விறகைத் தெரிவு செய்தல்

ஒரே அளவு உலர்ந்த நிலையில், ஒரு கிலோ விறகு தரும் வெப்பம் மரத்திற்கு மரம் பெரிதும் வேறுபடுவதில்லை. ஈரப்பதமே முதன்மையான வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒரு கிலோவிற்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழப் பின்வருமாறு:

* முற்றிலும் உலர்ந்த மரம்: 18 முதல் 20 மெகாஜூல்
* 20 விழுக்காடு ஈரமுள்ள விறகு: 15 மெகாஜூல்
* எடையில் பாதி நீராக உள்ள பச்சை மரம்: 8 மெகாஜூல்

விறகு எடை போட்டு விற்கப்படுவதால், பச்சை விறகு வாங்குபவர் நீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

நன்கு உலர்ந்த கட்டையின் முனைகளில் வெடிப்புகள் காணப்படும். பட்டை எளிதில் உரியும். இரு கட்டைகளைத் தட்டினால் கணீரென்ற ஒலி எழும். எரியும்போது முனையில் நுரை தள்ளிச் சீறினால் அது ஈர விறகாகும்.

இப்பகுதியில் கிடைக்கும் முக்கிய விறகு வகைகள்:

* சீமைக் கருவேலம் (வேலிகாத்தான்): அடர்த்தியான மரம். நின்று எரிந்து நல்ல கங்கு தரும். மூட்டக்கரியும் இதிலிருந்து பெருமளவில் செய்யப்படுகிறது. முள்ளைக் கழித்தபின் கையாள வேண்டும்.
* சவுக்கு: நேரான கட்டை, பிளப்பதும் அடுக்குவதும் எளிது. மிகுந்த வெப்பம் தரும்.
* புளி, கருவேலம்: கடினமானவை. பிளக்கக் கடினமெனினும் நெடுநேரம் எரியும்.
* தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சி: காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையிலுள்ள திருவரங்கத் தீவின் தென்னந்தோப்புகளில் கிடைப்பவை. விரைவில் பற்றி விரைவில் எரிந்து தீர்வதால் அடுப்பு மூட்ட ஏற்றவை.
* முருங்கை, கல்யாண முருங்கை: எடை குறைந்த மென்மரங்கள், விறகாகப் பயன் குறைவு.

தவிர்க்க வேண்டியவை

அரளிக் குச்சிகளின் புகை நச்சுத்தன்மை உடையது. கடலோரச் சதுப்புநிலங்களில் வளரும் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும். வண்ணம் பூசிய பழைய கதவு, சன்னல் சட்டங்கள், ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காதிருக்க வேதிப்பொருள் ஏற்றப்பட்ட மரம் ஆகியவற்றை எரித்தால் ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சுகள் புகையிலும் சாம்பலிலும் சேரக்கூடும். நெகிழிப் பைகளைக் கொண்டு அடுப்பு மூட்டுவதும் தீங்கானது.

உலர்த்தலும் சேமிப்பும்

திருச்சிராப்பள்ளியின் கடும் கோடை விறகு உலர்த்த ஏற்ற காலமாகும். கட்டைகளைப் பிளந்து, இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் விரைவில் உலரும். ஐப்பசி மழைக்கு முன் இவற்றைக் கூரையின் கீழ்ச் சேர்த்துவிட வேண்டும். ஆற்றோர நிலத்தின் ஈரம் ஏறாதிருக்க, செங்கல் அல்லது கட்டைகளின் மீது உயர்த்தி அடுக்குவது நல்லது. விறகுக் குவியலில் தேளும் பாம்பும் தங்கக்கூடும் என்பதால், இருட்டில் வெறுங்கையால் விறகெடுப்பது ஆபத்தானது. அடுப்பை ஒட்டி விறகை அடுக்கி உலர்த்துவதும் தீ விபத்துக்கு இடமளிக்கும்.

தீப் பாதுகாப்பு

2004 ஆம் ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரை வழியாக வகுப்பறைகளுக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதே ஆண்டு சனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் ஏற்பட்ட தீயில் மணமகன் உள்ளிட்ட பலர் இறந்தனர். பின்னது அடுப்பினால் ஏற்பட்டதன்று. எனினும் உலர்ந்த கீற்றில் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை இரு நிகழ்வுகளும் காட்டின. கீற்றுக் கூரையின் கீழ் விறகடுப்பு எரிப்பதைத் தவிர்ப்பதே முதல் பாதுகாப்பாகும். பிற விதிகள்:

* அடுப்பைக் காற்று நேராக வீசாத இடத்தில், கல் அல்லது மண் தரையில் அமைத்தல்.
* மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றி மூட்டாதிருத்தல். அணைந்ததுபோல் தோன்றும் கங்கின் மீது ஊற்றினால் ஆவி திடீரெனப் பற்றும்.
* நீண்ட கட்டைகள் அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிராதவாறு வெட்டி இடுதல்.
* எளிதில் உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழை ஆடைகளைத் தவிர்த்து, முந்தானையைச் செருகிக்கொள்ளுதல்.
* அருகில் ஒரு வாளி நீரும் மணலும் வைத்திருத்தல். எண்ணெய்ச் சட்டியில் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் மூடுதல்.
* சமைத்து முடிந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்து நீர் தெளித்து அணைத்தல். சாம்பலுக்கடியில் கங்கு பல மணிநேரம் உயிருடன் இருக்கும் என்பதால், அதை உடனே குப்பையில் கொட்டாதிருத்தல்.

தீப்புண் ஏற்பட்டால் 20 நிமிடங்கள் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். பற்பசை, மை போன்றவற்றைத் தடவக் கூடாது. தமிழகத்தில் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணிலும், அவசர ஊர்தியை 108 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

புகையும் உடல்நலமும்

விறகுப் புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரல் நோய், இதய நோய், பக்கவாதம், குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றுக்குக் காரணமாகின்றன. வீட்டினுள் ஏற்படும் காற்று மாசால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. தமிழக ஊர்ப்புற வீடுகளில் விறகுப் புகையின் அளவை, சென்னை சிறீ இராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழுவினர் அளந்து ஆய்ந்துள்ளனர்.

கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற கார்பன் மோனாக்சைடு வளிமம் மற்றோர் ஆபத்தாகும். புகையில்லாத கங்கிலிருந்தும் இது வெளிப்படும். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் இறந்த நிகழ்வுகள் உண்டு.

புகையைக் குறைக்க உலர்ந்த, மெல்லியதாகப் பிளந்த விறகைச் சிறிது சிறிதாக இடுதல், அடுப்பின் வாயை விறகால் அடைக்காதிருத்தல், சாம்பலை அன்றாடம் அள்ளுதல், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தல் ஆகியவை உதவும். சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருத்தல் தவிர்க்கப்பட வேண்டும். புகைபோக்கி கூரைக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். அதில் படியும் கரியைக் காலந்தோறும் அகற்ற வேண்டும்.

மேம்பட்ட அடுப்புகள்

1950களில் ஐதராபாத்தில் எஸ். பி. ராசு புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வடிவமைத்தார். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அசுத்ரா அடுப்பு உருவாக்கப்பட்டது. இந்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983இல் தொடங்கி 2002இல் முடிவுற்றது. பராமரிப்பின்மையால் இவ்வடுப்புகளில் பல நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழக அரசு 2007 முதல் இலவச எரிவளி அடுப்புகளையும், நடுவண் அரசு 2016 முதல் உச்வலா திட்டத்தின் கீழ் எரிவளி இணைப்புகளையும் வழங்கின. இணைப்பு பெற்ற பின்னரும், உருளையின் விலை காரணமாகப் பல வீடுகளில் விறகடுப்பும் உடன் எரிகிறது.

இவற்றையும் பார்க்க

* சீமைக் கருவேலம்
* மடைப்பள்ளி
* கும்பகோணம் பள்ளித் தீ விபத்து
* மரக்கரி