பஞ்சு அடைத்த ரவிக்கை

டி.கே. சண்முகம் 1942-இல் ஔவையார் வேஷம் கட்டி மேடை ஏறினார். வேஷம் நரைத்த கிழவி, கட்டியவர் ஆண். சனம் கைதட்டியதோடு விடவில்லை, அந்த வேஷத்தையே அவர் பேருக்கு முன்னால் ஒட்டிவிட்டது. சென்னை லாயிட்ஸ் ரோடு இன்றைக்கு அவ்வை சண்முகம் சாலை. 1996-இல் கமல்ஹாசன் புடவை கட்டி நடித்த படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பேர் வந்ததும் அந்த மரியாதையில்தான். "பொம்பளை வேஷம் ஒழுங்கா கட்டினா இந்த ஊரு ரோட்டுக்கே பேரு வைக்கும்" என்று எங்கள் அப்பா பெருமையாகச் சொல்வார்.

அப்பாவுக்கு ராயபுரத்தில் டிராமா டிரஸ் வாடகைக் கடை. கிரீடம், புஜகீர்த்தி, டோப்பா, ஒட்டுமீசை, கில்ட் நகை எல்லாம் இருக்கும். தையல் வேலை என் பொறுப்பு. அதிகம் வெளியே போனது ஸ்திரீபார்ட் செட்டுதான்: ஜரிகைப் புடவை, ஒட்டியாணம், முழங்கால் வரை தொங்கும் சவுரி, பஞ்சு அடைத்த ரவிக்கை. ரவிக்கையை ஆம்பிளைத் தோளுக்குத் தைக்க வேண்டும். கைக்குழியை இரண்டு விரல் கூடுதலாக வெட்டாவிட்டால் முதல் சீனிலேயே கிழிந்து திரும்பி வரும். எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜைக்கு நாடகம் போடுகிறவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். பகலெல்லாம் இரும்பு அடித்தவர் ராத்திரி சந்திரமதியாக அழுவார். முன்வரிசையில் அவர் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து சேர்ந்து அழுவாள். யாரும் அவரைக் கேவலமாகப் பார்த்ததில்லை.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு உண்டு. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையைத் தொடங்கினார். சண்முகமும் அவர் சகோதரர்களும் வளர்ந்தது அங்கேதான். பாய்ஸ் கம்பெனி என்றால் ராஜபார்ட்டும் பையன், ஸ்திரீபார்ட்டும் பையன். சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக நடித்திருக்கிறார். குரல் கட்டையாகும் வரை ஸ்திரீபார்ட், பிறகு ராஜபார்ட்டுக்கு மாற்றம். பெண்கள் மேடையில் அறவே இல்லாமல் இருந்தார்கள் என்று சொல்லக் கூடாது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆனாலும் குடும்பப் பெண் கொட்டகை ஏறக் கூடாது என்ற பேச்சு பலமாக இருந்த காலம் அது. அந்தப் பேச்சுதான் எங்கள் கடைக்குச் சோறு போட்டது.

இன்னும் பின்னால் போனால் கதை வேறு மாதிரி. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடும் ஒன்று. காமன் பேடி உருக்கொண்டு ஆடியது. கூத்தில் விராட பர்வம் போட்டால் அர்ச்சுனன் பிருகந்நளையாக வருவான். சிகண்டி இல்லாமல் பீஷ்மர் சாய்வதில்லை. கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் சித்திரைத் திருவிழாவின் வேர் அரவான் கதையில் இருக்கிறது. இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிற மனிதரைத் தமிழ்க் கதை ஒதுக்கியதே இல்லை. அவரை நடிக்கும் இடத்தை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

எங்கள் கடைக்குத் திருநங்கைகளும் வருவார்கள். அப்பா அவர்களைக் கடை சாத்தும் நேரத்துக்கு வரச் சொல்வார். கூவாகம் போக மணப்பெண் நகை எடுப்பார்கள். ஆடி மாத அம்மன் கோயில் ஆட்டத்துக்கும் மாசி மயானக் கொள்ளையில் அங்காளம்மன் வேஷத்துக்கும் கிரீடம், சூலம் கேட்பார்கள். தண்டையார்பேட்டையில் இருந்து வரும் ஒரு அக்காவுக்கு வள்ளி திருமணம் முழுக்க மனப்பாடம். எடுப்பான குரல். நான் அளவெடுக்கும்போது பாடிக்கொண்டே நிற்பார், எனக்கு ஊசி நகராது. ஒரு நாடகக் குழுவிடம் போய் வள்ளி வேஷம் கேட்டிருக்கிறார். "நீ வந்தா சனம் சிரிக்கும்மா, பபூனோட ஒரு சீன் வேணா பண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் வள்ளியாக நின்றவர் மீசையை மழித்துவிட்டு வந்த ஒரு ஃபிட்டர். அவருக்கு ரவிக்கை தைத்ததும் நான்தான். அக்காவுக்குப் பஞ்சும் வேண்டாம், சவுரியும் வேண்டாம். அவருக்கு இல்லாமல் போனது வேஷம்தான்.

நம் ஊரில் மட்டும் நடந்த கதை என்று இதை நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார நடிகர்கள் கார்க் தக்கையை எரித்து, அந்தக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பர்களாக ஆடிப் பணம் பார்த்தார்கள். உண்மையான கறுப்பர் மேடையில் தன் கதையைச் சொல்லவே பெரும் பாடுபட வேண்டியிருந்தது. லொரெய்ன் ஹான்ஸ்பெரி 1959-இல்தான் பிராட்வேயில் நாடகம் போட்ட முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஆனார். கறுப்பின இளைஞன் ஒருவனின் தன்பால் ஈர்ப்பைச் சொல்லும் 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' 2022-இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது. அதில் நடித்த எல். மோர்கன் லீ, நடிப்புக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வெளிப்படையான திருநர் நடிகர். கறுப்பாய் இருப்பதும் திருநராய் இருப்பதும் ஒரே உடம்பில் சேரும்போது மேடைக் கதவு இரண்டு தரம் சாத்தப்படுகிறது. இங்கே தலித்தாகவும் திருநங்கையாகவும் இருக்கும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் கிரேஸ் பானுவும் விடாமல் பேசிவருவது இதைத்தான்.

இங்கே கதவைத் திறந்தது அரசாங்கம் என்று சிலர் சொல்கிறார்கள். 2008-இல் திருநங்கைகள் நல வாரியம் வந்தது, 2014-இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, இரண்டும் பெரிய விஷயங்கள்தான். ஆனால் மேடையில் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பிரியா பாபுவும் தோழிகளும் கண்ணாடி கலைக்குழுவாகச் சேர்ந்தார்கள், அ. மங்கை அவர்களை வைத்து 'மனசின் அழைப்பு' நாடகத்தை இயக்கினார். திருநங்கைகள் தங்கள் கதையைத் தாங்களே நடித்தார்கள். 2004-இல் திருநங்கையான ரேவதியின் 'உணர்வும் உருவமும்' புத்தகமாக வந்தது. பிறகு தன் வாழ்க்கையையே 'வெள்ளை மொழி' என்ற தனிநபர் நாடகமாக அவர் மேடையேற்றினார். 'நான் வித்யா' எழுதிய வித்யா, ஏஞ்சல் கிளாடியோடும் திருநம்பியான ஜீ இமான் செம்மலரோடும் சேர்ந்து பன்மை நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர்கள் போட்ட நாடகத்தின் பேர் 'கலர் ஆஃப் டிரான்ஸ்'.

அந்தக் காலத்தில் எங்கள் கடைக்கு வந்த ஒரு திருநங்கைக் குழுவை நான் மறக்கவே மாட்டேன். வழக்கம்போல நகைப் பெட்டியைத் திறந்து வைத்தேன். "அதெல்லாம் எடுத்து வைங்கக்கா. காக்கிச் சட்டை ரெண்டு, லத்தி ஒண்ணு, அப்பா வேஷத்துக்கு வேட்டி, நல்ல முறுக்கு மீசையா ஒண்ணு குடுங்க" என்றார்கள். போலீஸ்காரனாக, அடித்து விரட்டிய அப்பனாக, அண்ணனாக அவர்களேதான் நடிக்கப் போகிறார்கள். பெண் பாத்திரத்துக்கு உடுத்த அவரவர் புடவை கையில் இருந்தது. இந்தக் கடையில் அப்படி ஒரு ஆர்டர் அதற்கு முன் வந்ததில்லை. காக்கியை இடுப்பில் பிடித்துக் கொடுத்து, பாக்கி வாங்காமல் அனுப்பினேன்.

சினிமா இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. 'நான் வித்யா' கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்று படமானது. அதில் திருநங்கையாக நடித்துத் தேசிய விருது வாங்கியவர் சஞ்சாரி விஜய். 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கை ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்கும் தேசிய விருது கிடைத்தது. இருவரும் நேர்மையாக நடித்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2011-லேயே 'நர்த்தகி'யில் திருநங்கையான கல்கி சுப்ரமணியம் கதாநாயகியாக நடித்துக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் ஆள் கிடைக்கவில்லை என்று எந்த டைரக்டர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் பாட்டும் வசனமும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெருக்கோடிப் பெட்டிக்கடையில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். போய்க் கூப்பிட வேண்டும், அதுவும் பபூன் சீனுக்கு அல்ல.