முந்துவதிலும் ஒரு முறை

பந்தயத்தில் முந்துவதொன்றே கடமை என்று நான் எண்ணியிருந்தேன். ஹவாயில் பிறந்த 'அயர்ன்மேன்' போட்டியின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

1978ஆம் ஆண்டில் ஒவாஹு தீவில் 15 பேர் கடலில் இறங்கினர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். முடித்தவர் 12 பேரே. போட்டியாளர் பெருகினர், நகரச் சாலையிலோ வண்டிகள் மிகுதி. எனவே 1981இல் போட்டி, எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் பெரிய தீவுக்குப் பெயர்ந்தது.

இடம் மாறினால் போதுமா? முன்செல்பவர் காற்றைப் பிளக்கிறார். ஒட்டிப் பின்தொடர்பவர் அவ்வுழைப்பின் பயனை இலவசமாய்த் துய்க்கிறார். சக்கரங்கள் உரசினாலோ இருவரும் வீழ்வர். ஆகவே விதி பிறந்தது. இன்று பொதுப் பிரிவினருக்கு முன்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே 12 மீட்டர் வேண்டும். அதனுள் புகுந்தவர் 25 விநாடிக்குள் முந்த வேண்டும். முந்தப்பட்டவர் பின்வாங்கி அவ்விடைவெளியை மீண்டும் உண்டாக்க வேண்டும். ஒட்டிச் சென்றவருக்கு 5 நிமிடக் காத்திருப்பே தண்டனை.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் குறுந்தூரப் போட்டியில் ஒட்டிச் செல்ல இசைவளித்தனர். நெடுந்தூரத்திலோ தன்னுழைப்பே சட்டம்.

முந்துபவருக்கு விரைவு கடமை. முந்தப்பட்டவருக்கு வழிவிடுதல் கடமை. இரண்டாவதே அரிது என்பேன். இருவரின் உயிரையும் காப்பது அதுவே.